36-இல் சரிந்தவர்கள் எப்படி நின்றார்கள்?

2020 டிசம்பர் 19, சனிக்கிழமை. நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலம். நான் அப்போது படிவம் மூன்று மாணவி. பிடி3 தேர்வு ரத்தாகி, பள்ளியும் இல்லாமல், பாரோயில் எங்கள் தாமான் வீட்டிலேயே அடைந்து கிடந்தேன். அடிலெய்டில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மோதிய முதல் டெஸ்டின் மூன்றாம் நாள் ஆட்டம் நம் நேரப்படி நண்பகல் 12 மணிக்குத் தொடங்கியது. தாத்தா, தம்பி, நான் மூவரும் தொலைக்காட்சி முன் உட்கார்ந்தோம். அம்மா அடுப்படியில் மீன் குழம்பு தாளித்துக்கொண்டிருந்தார்.

முதல் இன்னிங்ஸில் இந்தியா 244. ஆஸ்திரேலியா 191. எங்கள் பக்கம் 53 ஓட்டங்கள் கூடுதல். அந்த 191-இல் அஸ்வின் எடுத்த நான்கு விக்கெட்டுகளும் உண்டு. முதல்நாள் இரவு இந்தியா ஒரு விக்கெட்டுக்கு 9 ஓட்டங்களோடு ஆட்டத்தை நிறுத்தியிருந்தது. "இன்னிக்கு நல்லா அடிச்சு ஆடப் போறாங்க" என்றான் தம்பி.

அம்மா சோற்றை மேசையில் வைத்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இந்தியா 36. காயத்தால் முகமது ஷமி தொடர்ந்து ஆட முடியாமல் போக, 21.2 ஓவர்களில் கதை முடிந்தது. 1974-இல் லார்ட்ஸ் திடலில் எடுத்த 42 ஓட்டங்கள்தான் அதுவரை இந்தியாவின் மிகக் குறைந்த எண்ணிக்கை. அதுவும் உடைந்தது. பதினொரு பேரில் ஒருவர்கூட இரட்டை இலக்கத்தைத் தொடவில்லை. டெஸ்ட் வரலாற்றில் அதற்கு முன் ஒரே ஒரு முறைதான் அப்படி நடந்திருக்கிறது. 1924-இல் தென்னாப்பிரிக்கா 30 ஓட்டங்களில் சுருண்டபோது.

தம்பி தொலைக்காட்சியை அடைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டான். தாத்தா மட்டும், "அடுத்த ஆட்டம் எப்போ?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியின் அருமை எனக்குப் புரிய நான்கு ஆண்டுகள் ஆயின. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

சரிவு எப்படி நடக்கிறது?

அந்த 36-ஐ மறுபடியும் மறுபடியும் பார்த்திருக்கிறேன். ஒரு விஷயம் வியப்பாக இருக்கும். அதில் மோசமான அடிகள் மிகக் குறைவு. யாரும் கண்ணை மூடிக்கொண்டு மட்டையைச் சுழற்றவில்லை. கம்மின்ஸும் ஹேசல்வுட்டும் ஆஃப் ஸ்டம்பை ஒட்டி, ஆடுவதா விடுவதா என்று குழம்ப வைக்கும் இடத்தில் பந்தைப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். பந்து கொஞ்சம் நகர்ந்தது. மட்டையின் ஓரத்தில் பட்டது. விக்கெட் கீப்பர் டிம் பெய்ன் மட்டும் ஐந்து கேட்ச்களைப் பிடித்தார். ஹேசல்வுட் ஐந்து ஓவர்களில் 8 ஓட்டங்களுக்கு 5 விக்கெட். கம்மின்ஸ் 21 ஓட்டங்களுக்கு 4.

மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து மட்டையாளரை அடைய ஏறக்குறைய அரை விநாடிதான் ஆகும். அதற்குள் பந்தின் நீளத்தைக் கணித்து, முன்னே போவதா பின்னே போவதா என்று முடிவெடுத்து, மட்டையையும் கொண்டுவர வேண்டும். நன்கு நிலைத்து நிற்பவருக்கே இது கடினம். இப்போதுதான் உள்ளே வந்தவருக்கு இன்னும் கடினம்.

விக்கெட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுவதற்குக் காரணம் இதுவே. ஒருவர் வெளியேறியதும் புதியவர் வருகிறார். அவருக்குப் பந்தின் வேகம் பழகவில்லை. பந்து வீச்சாளருக்கோ உற்சாகம் கூடுகிறது. ஓட்டம் வராததால் தலைவர் வீச்சாளரை மாற்றத் தேவையில்லை. காவலர்களை மட்டையாளருக்கு அருகிலேயே நிறுத்திவிடலாம். ஒரு தவறு அடுத்த தவறுக்கு வழி திறந்துவிடுகிறது. அன்று 15 ஓட்டங்களில் இருந்தபோது மட்டும் நான்கு விக்கெட்டுகள் விழுந்தன. பும்ரா, புஜாரா, மயங்க் அகர்வால், ரஹானே. இடையில் ஓர் ஓட்டம்கூட இல்லை. பிறகு 26-இல் சாஹா வெளியேற, அடுத்த பந்திலேயே அஸ்வினும் வெளியேறினார். அவர் சந்தித்தது ஒரே ஒரு பந்து.

அதே நால்வர், அதே எதிரி

இனி 23 நாள் தள்ளி வாருங்கள். 2021 ஜனவரி 11, திங்கட்கிழமை, சிட்னி. இதற்கிடையில் மெல்பர்னில் இந்தியா வென்றிருந்தது. அடிலெய்டில் பூஜ்யத்தில் போன ரஹானே அங்கே தலைவராக நின்று 112 ஓட்டங்கள் எடுத்தார். தொடர் 1-1.

சிட்னியில் இந்தியாவுக்கு இலக்கு 407. கடைசி நாள். ஆஸ்திரேலியாவின் வீச்சாளர்கள் மாறவில்லை. ஸ்டார்க், கம்மின்ஸ், ஹேசல்வுட், லயன். அடிலெய்டில் வீசிய அதே நால்வர். ரிஷப் பந்த் 118 பந்துகளில் 97 அடித்து வெளியேறினார். புஜாரா 205 பந்துகளைச் சந்தித்து 77 எடுத்து வெளியேறினார். அப்போது 5 விக்கெட்டுக்கு 272. ஜடேஜாவுக்குக் கட்டை விரலில் காயம். இன்னும் 42 ஓவர்களுக்கு மேல் பாக்கி.

களத்தில் இருந்தவர்கள் இருவர். ஒருவர் ஹனுமா விஹாரி. ஓடும்போது தொடைத் தசை கிழிந்துவிட்டது. இனி ஓட முடியாது. இன்னொருவர் சென்னையைச் சேர்ந்த ரவிச்சந்திரன் அஸ்வின். முதுகுவலி. அன்று காலை அவரால் நிமிர்ந்து நிற்கவோ, காலணிக் கயிற்றைக் குனிந்து கட்டவோ முடியவில்லை என்று அவர் மனைவி பிறகு எழுதினார்.

எங்கள் வீட்டில் தம்பி ஒரு வேலை செய்தான். பழைய நாட்காட்டித் தாளைத் திருப்பிப் போட்டு, பத்துப் பந்துக்கு ஒரு கோடு போடத் தொடங்கினான். "அக்கா, ஓட்டத்தைப் பாக்காத. பந்தை மட்டும் எண்ணு" என்றான். பத்துப் பந்து. ஒரு கோடு. மறுபடியும் பத்துப் பந்து. அவ்வப்போது ஸ்டம்ப் மைக்கில் தமிழ் கேட்டது. ஆந்திராவைச் சேர்ந்த விஹாரியிடம் அஸ்வின் தமிழில் பேசிக்கொண்டிருந்தார். சிட்னித் திடலின் நடுவிலிருந்து எங்கள் வீட்டுக் கூடத்துக்குத் தமிழ் வந்ததும் தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

இந்த ஆட்டத்தைப் பற்றி அஸ்வின் தம் யூடியூப் அலைவரிசையில் பிறகு ஒரு கதை சொன்னார். யார் எந்த வீச்சாளரை ஆட வேண்டும் என்று ஓய்வறையிலிருந்து செய்தி சொல்ல ஷர்துல் தாக்கூரை அனுப்பினார்களாம். அவர் ஓடி வந்து, உள்ளே நிறையச் சொன்னார்கள், நான் எதையும் சொல்லப் போவதில்லை, நீங்கள் ஆடுவதையே ஆடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். தடுமாறிக்கொண்டிருப்பவரிடம் பத்து அறிவுரை சொல்வதைவிட, அவர் செய்துகொண்டிருப்பதைத் தொடரவிடுவது சில நேரம் பெரிய உதவி.

நம் நேரப்படி பிற்பகல் மூன்று மணி வாக்கில் ஆஸ்திரேலியர்கள் கைகுலுக்க வந்தார்கள். விஹாரி 161 பந்துகளில் 23. அஸ்வின் 128 பந்துகளில் 39. இருவரும் ஆட்டமிழக்கவில்லை. சேர்ந்து நின்றது 42.4 ஓவர்கள், அதாவது 256 பந்துகள். தம்பியின் தாளில் 25 கோடுகள், மிச்சம் ஆறு பந்து. அடிலெய்டில் ஒரே பந்தில் போனவர் சிட்னியில் 128 பந்துகள் நின்றார். ஆட்டம் சமநிலையில் முடிந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இதில் அதிர்ஷ்டமும் இருந்தது. அடிலெய்டில் ஐந்து கேட்ச் பிடித்த அதே டிம் பெய்ன், சிட்னியின் கடைசி நாளில் மூன்று கேட்ச்களைத் தவறவிட்டார். பந்துக்கு இரண்டு, விஹாரிக்கு ஒன்று. ஆனால் விஹாரிக்குக் கிடைத்த அந்த வாய்ப்பு, அவர் அவ்வளவு நேரம் அங்கே நின்றதால் கிடைத்தது. எதிரி தவறு செய்யும் நேரத்தில் நாம் களத்தில் இருக்க வேண்டும். ஓய்வறையில் உட்கார்ந்திருப்பவருக்கு எந்தக் கேட்ச் தவறினாலும் பயனில்லை.

அடுத்த வாரம் பிரிஸ்பேனில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியிலிருந்து வந்த நடராஜனும் சென்னையின் வாஷிங்டன் சுந்தரும் அங்கேதான் டெஸ்டில் அறிமுகமானார்கள். இந்தியா 6 விக்கெட்டுக்கு 186 என்று தடுமாறியபோது சுந்தர் 62, தாக்கூர் 67 எடுத்து, 123 ஓட்டங்கள் சேர்த்தார்கள். கடைசி நாளில் 328 என்ற இலக்கை எட்டி இந்தியா தொடரை 2-1 என வென்றது. 1988-க்குப் பிறகு அந்தத் திடலில் ஆஸ்திரேலியா டெஸ்டில் தோற்றதே இல்லை. ஆனால் சிட்னியில் அந்த 256 பந்துகள் இல்லையென்றால் பிரிஸ்பேன் வெற்றி தொடரைச் சமன் செய்திருக்கும், அவ்வளவுதான்.

கோலாலம்பூரில் பிறந்த லால் சிங்

கிரிக்கெட் நமக்குத் தூரத்து விஷயம் என்று நினைக்கும் நண்பர்களுக்கு ஒரு செய்தி. இந்தியா தன் முதல் டெஸ்டை 1932 ஜூனில் லார்ட்ஸ் திடலில் ஆடியபோது அந்த அணியில் இருந்த லால் சிங் 1909-இல் கோலாலம்பூரில் பிறந்தவர். அன்றும் இதே கதைதான். பந்துவீச்சு பலம், மட்டை பலவீனம். முகமது நிசாரும் அமர் சிங்கும் புதுப்பந்தில் வீச, இங்கிலாந்து 19 ஓட்டங்களுக்கு 3 விக்கெட்டுகளை இழந்தது. அந்த மூன்றில் ஒன்று லால் சிங் பந்தை எடுத்து எறிந்து விழுந்த ரன் அவுட். ஆனால் இந்தியாவின் மட்டையாளர்கள் 189, 187 என்று இரண்டு முறையும் சரிந்தார்கள்.

இரண்டாவது இன்னிங்ஸில் 7 விக்கெட்டுக்கு 108 என்று இருந்தபோது லால் சிங்கும் அமர் சிங்கும் எட்டாவது விக்கெட்டுக்கு 74 ஓட்டங்கள் சேர்த்தார்கள். அமர் சிங் எடுத்த 51தான் டெஸ்டில் ஓர் இந்தியரின் முதல் அரைச்சதம். ஆட்டத்தில் இந்தியா 158 ஓட்டங்களில் தோற்றது. ஆனாலும் 90 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த 74-ஐப் பற்றிப் பேசுகிறோம்.

எங்கள் தாத்தாவுக்கு இந்தக் கதையைச் சொன்னபோது சிரித்தார். அவர் காலத்தில் தோட்டத்தில் பால்வெட்டுக்காரர்களின் பிள்ளைகள் காற்பந்து ஆடினார்கள். கிரிக்கெட் துரைமார் ஆட்டம், மிஞ்சினால் கிராணிமார் ஆட்டம். கிளப் திடலின் ஓரத்தில் நின்று, எல்லை தாண்டி வரும் பந்தைப் பொறுக்கிக் கொடுத்துத்தான் தாத்தா அந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டார். அந்தத் தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதி. பால்மரம் நின்ற இடத்தில் தம்பி டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடுகிறான்.

என் 36

இப்போது என் கதை. மெட்ரிகுலேஷன் முடித்து 2024 அக்டோபரில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். தமிழ்ப்பள்ளி, பிறகு மலாய் வழி இடைநிலைப்பள்ளி என்று வந்தவளுக்கு விரிவுரை முழுவதும் ஆங்கிலத்தில். பரவாயில்லை, சமாளிக்கலாம் என்றுதான் போனேன்.

முதல் நுண்கணிதச் சோதனையில் 40-க்கு 11. பள்ளியில் கணிதத்தில் எப்போதும் ஏ வாங்கியவள் நான். அந்தத் தாளை யாருக்கும் காட்டவில்லை. வெட்கத்தால் அடுத்த வாரப் பயிற்சி வகுப்புக்குப் போகவில்லை. போகாததால் அதற்கடுத்த வகுப்பு புரியவில்லை. புரியாததால் இடுபணியைத் தாமதமாக அனுப்பினேன். அதைச் சரிசெய்யப் போய் இயற்பியல் சோதனைக்குப் படிக்கவில்லை. அதுவும் போனது. 15-இல் நான்கு விக்கெட் விழுந்தது போலத்தான். முதல் விக்கெட் மட்டும்தான் பாடத்தின் கடினத்தால் விழுந்தது. மற்றவை முதல் விக்கெட்டால் விழுந்தவை.

ஜனவரி மாதம் தேர்வுக்கு முந்தைய விடுமுறையில் வீட்டுக்கு வந்தேன். படிப்பை விட்டுவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் பேருந்தில் ஏறினேன். அந்த நேரம் 19 வயதுக்குட்பட்ட மகளிர் டி20 உலகக் கிண்ணம் நம் நாட்டில் நடந்துகொண்டிருந்தது. மலேசியப் பெண்கள் அந்தப் போட்டியில் ஆடுவது அதுவே முதல் முறை. ஜனவரி 19-ஆம் தேதி இலங்கையிடம் 23 ஓட்டங்களில் சுருண்டார்கள். சமூக வலைத்தளங்களில் கேலி பறந்தது. இரண்டு நாள் கழித்து, வலிமையான இந்திய அணிக்கு எதிராக மீண்டும் களமிறங்கினார்கள். வைஷ்ணவி சர்மா ஹாட்ரிக் உட்பட 5 ஓட்டங்களுக்கு 5 விக்கெட் எடுத்தார். மலேசியா 31.

என் திறன்பேசியில் தாத்தாவும் நானும் அதைப் பார்த்தோம். "பாவம் இந்தப் பிள்ளைங்க" என்றேன். "எதுக்குப் பாவம்? முந்தாநாள் 23-ல போனவங்க இன்னிக்கும் மட்டையத் தூக்கிட்டு வந்தாங்கள்ல?" என்றார்.

அப்போதுதான் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தன் பால்வெட்டு வேலையைப் பற்றிப் பேசினார். "விடிகாலைப் பெரட்டு முடிஞ்சு நிரையில போயி நின்னா, எதிர்ல நானூறு ஐநூறு மரம் நிக்கும் பாப்பா. அத்தனையையும் பாத்தா கத்தி நடுங்கிரும். நடுங்குன கத்தி பட்டையத் தாண்டி மரத்தக் காயப்படுத்திரும். அப்புறம் கங்காணிகிட்ட ஏச்சு வாங்கணும். அதனால முன்னால நிக்கிற மரத்த மட்டும் பாப்பேன். வெட்டிட்டு அடுத்ததுக்கு நகர்வேன். ஒரு மரத்துல கத்தி பிசகிருச்சா, அதையே நெனச்சிக்கிட்டு அடுத்த மரத்துல கத்திய வைக்கக் கூடாது."

தாத்தா அஸ்வினைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் எனக்குத் தம்பியின் நாட்காட்டித் தாள் நினைவுக்கு வந்தது.

அன்று இரவு மூன்று காரியங்கள் செய்தேன். ஒன்று, விரிவுரையாளருக்கு மின்னஞ்சல் அனுப்பி, எனக்கு எங்கிருந்து புரியவில்லை என்று எழுதினேன். இரண்டு, எத்தனை மதிப்பெண் தேவை என்று கணக்குப் பார்ப்பதை நிறுத்தினேன். மூன்று, பழைய கேள்வித் தாள்களைப் பத்துப் பத்துக் கேள்விகளாகப் பிரித்து, பத்து முடிந்ததும் ஒரு கோடு போட்டேன்.

இதற்கு மேல் பெரிய வெற்றிக் கதையை எதிர்பார்க்காதீர்கள். இயற்பியலில் தேறினேன். நுண்கணிதத்தில் தேறவில்லை. அடுத்த தவணையில் மீண்டும் எடுத்து, சி பிளஸ் வாங்கினேன். என் சராசரிப் புள்ளி இன்னும் மெலிந்துதான் இருக்கிறது. ஆனால் நான் இன்னும் களத்தில் இருக்கிறேன்.

சமநிலையும் ஒரு முடிவு

நம் வீடுகளில் இரண்டே முடிவுகள்தான் தெரியும். எல்லாப் பாடத்திலும் ஏ, இல்லாவிட்டால் தோல்வி. எஸ்பிஎம் முடிவு வெளிவரும் நாளில் புலனத்தில் யாருடைய படம் சுற்றும், யாருடையது சுற்றாது என்று நமக்குத் தெரியும். டெஸ்ட் கிரிக்கெட் எனக்குக் கற்றுக்கொடுத்தது மூன்றாவது முடிவு ஒன்று உண்டு என்பதைத்தான். வெல்ல முடியாத நாளில் தோற்காமல் இருப்பது. அதற்கும் திறமை வேண்டும். ஐந்து நாள் ஆட்டத்தில் அதற்கு மரியாதையும் உண்டு.

ஒரு முறை எழுந்தவர் மறுபடி விழமாட்டார் என்று நான் சொல்லவில்லை. 2024 அக்டோபரில் இதே இந்தியா பெங்களூரில் நியூசிலாந்திடம் 46 ஓட்டங்களில் சுருண்டது. இரண்டாவது இன்னிங்ஸில் 462 எடுத்தும் அந்த ஆட்டத்தில் தோற்றது. 2025 ஜூலையில் மேற்கிந்தியத் தீவுகள் 27-இல் முடிந்தது. நல்ல பந்துவீச்சு இருக்கும்வரை சரிவுகளும் இருக்கும். பல்கலைக்கழகத்திலும் வேலையிடத்திலும் நமக்கு ஹேசல்வுட்கள் காத்திருக்கிறார்கள்.

தம்பி தங்கைகளே, ஒரு தேர்வில் சறுக்கியிருந்தால் அதை யாரிடமாவது சொல்லுங்கள். சொல்லாமல் மறைத்தால்தான் ஒரு விக்கெட் நான்காகிறது. நண்பன் சறுக்கியிருந்தால், தாக்கூரைப் போல் அறிவுரையை உங்களிடமே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பக்கத்தில் நில்லுங்கள்.

தம்பி இந்த ஆண்டு எஸ்பிஎம் எழுதுகிறான். முன்தேர்வில் கணக்கில் தேறவில்லை. சென்ற வாரம் வீட்டுக்குப் போனபோது அவன் மேசை மேல் நாட்காட்டித் தாள் ஒன்று திருப்பிப் போடப்பட்டிருந்தது. அதில் ஏழு கோடுகள் இருந்தன. நான் ஒன்றும் கேட்கவில்லை.